பொன்மணிக்கு நான் போட்ட மதிப்பெண்

9 ஜூன் 2025, திங்கள்

பாதுகாப்புத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்தேன். தொண்ணூற்றாறு பேர். பத்துக்கு ஆறுக்குக் கீழே போனவர்கள் ஆறு பேர். அவர்களில் நான்கு பேருக்கு இன்னொரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும். மீதி இருவர் பொன்மணியும் இசைவாணியும். காது கேளாதவர்கள். பொன்மணிக்கு இரண்டு, இசைவாணிக்கு ஒன்று.

எனக்கு ஆச்சரியமில்லை. இந்தப் பட்டாசுக் கம்பெனிக்குப் பாதுகாப்பு அலுவலராக வந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன் பதினொரு வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தினேன். புரியாமல் தலையாட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பு முழுக்கப் பொன்மணி என் வாயையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். அவளுக்காகவே மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து பேசினேன். வெடிமருந்து, உரசல், தீ, ஓட்டம் எல்லாவற்றையும் கையாலும் செய்து காட்டினேன். இதற்கு மேல் என்ன செய்ய?

அடுத்த மாதம் ஆய்வுக்கு வருகிறார்கள். முதலாளி தனுஷ்கோடி கூப்பிட்டுக் கேட்டார். "அந்த ரெண்டு பிள்ளைகளையும் என்ன செய்ய டீச்சர்? நீங்க என்ன எழுதிக் குடுக்கீங்களோ அதுபடி செஞ்சிருவோம்."

எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கை ஒலியைக் கேட்க இயலாது; விதிகளைப் புரிந்துகொள்ளும் திறன் இல்லை; மருந்து அறைப் பணியிலிருந்து விடுவிக்கலாம். ஜூன் 30 கடைசி நாள்.

பொன்மணிக்கு இரண்டு பிள்ளைகள். தாயில்பட்டியிலிருந்து கம்பெனி வேனில் வருகிறாள். இதெல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். வருத்தமாக இருந்தது. ஆனால் சரியென்று பட்டது.

11 ஜூன், புதன்

இருவரிடமும் போர்மேன் ராஜபாண்டியன் சொல்லிவிட்டாராம். எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "காலண்டர்ல முப்பதக் காட்டிக் கையை விரிச்சேன். புரிஞ்சிக்கிட்டாக டீச்சரம்மா."

13 ஜூன், வெள்ளி

மத்தியானம் வாட்ச்மேன் நாகையா ஓடிவந்தார். "அந்தப் பொன்மணி உங்களத்தான் கேக்குது. வரலேன்னா கேட்ட விட்டு நகர மாட்டேன்னு நிக்குது."

உள்ளே செல்போன் கூடாது. எல்லோருடைய போனும் கேட்டில் உள்ள பெட்டியில்தான் இருக்கும். தன் போனை வாங்கிக்கொண்டு அவள் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றிருந்தாள். திரையில் ஒரு சின்னப் பெண். விருதுநகரில் இருக்கும் சைகை மொழிபெயர்ப்பாளராம், பெயர் ரோஷினி. பொன்மணி கைகளை அசைத்தாள். போனிலிருந்து குரல் வந்தது.

"என் தாள்ல என்ன தப்புன்னு காட்டுங்க. மூணு வருசமா உங்க கிளாஸ் ஒண்ணுகூட விட்டதில்ல நான்."

"நீ எப்பம்மா என் கிளாசுக்கு வந்தே?" என்று திரையைப் பார்த்துக் கேட்டேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "நான் இல்ல மேடம். இது பொன்மணியக்கா பேசுறது. அவுக 'நான்'னு சொன்னா நானும் 'நான்'னுதான் சொல்லணும். நீங்க அவுக முகத்தப் பாத்துப் பேசுங்க. என்னப் பாக்காதீக."

பார்த்துப் பேசினேன். பேச்சு ஒரு பக்கத்திலிருந்து வருகிறது, முகம் இன்னொரு பக்கம். கொஞ்ச நேரம் தலை சுற்றியது. புரியாததற்கு ஏன் தலையாட்டினாய் என்று கேட்டேன்.

"நீங்க மீன் மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுனீக. புரியலன்னு சொன்னா இன்னும் பெருசாத் தொறப்பீக. அதுக்குப் பயந்துதான் ஆட்டுனேன்."

நாகையா திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது தெரிந்தது.

அதே கேள்விகளைச் சைகையில் கேட்க வேண்டும் என்றாள். பார்க்கலாம் என்றேன். "பாக்கலாம்னா இல்லேன்னு அர்த்தம். எந்தத் தேதி?" பதினெட்டு என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் கோபம் வந்தது. மீனாம்ல மீன். அம்புட்டுப் பாடுபட்டு நடத்தினது மீன் மாதிரி இருந்துச்சாம். – யார் மேல் கோபம்?

15 ஜூன், ஞாயிறு

ரோஷினி வீட்டுக்குப் போனேன். விருதுநகரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். அவளுக்குக் காது கேட்கும். அப்பா சங்கிலிமுத்துவுக்கும் அம்மாவுக்கும் கேட்காது. அப்பா தையல்காரர்.

அமைதியான வீடாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அப்படிச் சத்தமான வீட்டை நான் பார்த்ததில்லை. அடுப்படியில் பாத்திரம் விழுகிறது, கதவு படாரென்று சாத்துகிறது, டிவி அதன்பாட்டுக்கு அலறுகிறது. மனைவியைக் கூப்பிடச் சங்கிலிமுத்து காலால் தரையை ஓங்கி மிதித்தார். அந்த அதிர்வு அந்த அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு ஒரு மடக்குக் காப்பி சிந்தியது.

நான் கேட்டதெல்லாம் அசட்டுக் கேள்விகள் என்று இப்போது தெரிகிறது. உலகம் பூராவும் ஒரே சைகைதானே என்றேன். அவர் சொன்னதை ரோஷினி சொன்னாள்: "உலகம் பூரா ஒரே பேச்சா பேசுறீக நீங்க?" அப்படியானால் தமிழைத்தான் கையால் காட்டுகிறீர்களா? இல்லையாம். தமிழ் இல்லை, இங்கிலீஷும் இல்லை. தனி மொழி, தனி இலக்கணம். புருவம் தூக்கினால் கேள்வி. உதடு, தோள், பார்வை போகும் திசை எல்லாம் சேர்ந்தால்தான் வாக்கியம். கையை மட்டும் பார்ப்பது, பேச்சில் மெய்யெழுத்தை மட்டும் கேட்பது மாதிரி. இந்த உவமை என்னுடையது. சரியா தெரியவில்லை.

எழுதிக் காட்டினால் புரிய வேண்டுமே என்று கேட்டேன். காதில் ஒருநாளும் விழாத மொழியை எழுத்தில் மட்டும் பார்த்துப் படிப்பது லேசா என்று அவர் திருப்பிக் கேட்டார். அவரும் பொன்மணியும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு காலத்தில் படித்தவர்கள். இரண்டு பள்ளியிலும் ஒரே வழக்கம். சைகை செய்தால் ஸ்கேலால் முட்டியில் அடி. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார வேண்டும். ஒரு வார்த்தையை வாயால் சொல்ல வைக்க ஒரு மாதம். "அம்மான்னு சொல்ல வச்சாக. கணக்கு, அறிவியல், எதுவும் சொல்லித் தரல."

மகள் பெற்றோருக்காகப் பேசுகிறாள். கூட்டிச் சொல்ல மாட்டாளா? பொன்மணி பாதி சொல்ல, மீதியை இவளே நிரப்பினால் எனக்கு எப்படித் தெரியும்? பரிதாபத்துக்காக ஒரு குறிப்பை மாற்றி எழுத மாட்டேன். மருந்து பரிதாபம் பார்க்காது. சோதிக்க வேண்டும். ரோஷினி நிரப்ப முடியாத மாதிரி சோதிக்க வேண்டும்.

18 ஜூன், புதன்

மதிய இடைவேளையில், கேண்டீனில். ரோஷினி நேரில் வந்தாள்.

முதலில் தேர்வு. பொன்மணி ஒன்பது கேள்விக்குச் சரியான பதில் சொன்னாள். பத்தாவது: மருந்து சிந்தினால் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்? போர்மேனிடம் என்பது விடை. அவள் சொல்ல மறுத்தாள்.

"பதினோரு மணிக்குப் போர்மேன் டீ குடிக்கப் போயிருவாரு. அப்பச் சிந்துனா? கேள்வியே தப்பு."

ராஜபாண்டியன் பக்கத்தில் நின்றிருந்தார். "ஏ, ஒருநாள் போனதப் போயி..." என்று ஆரம்பித்தார். பொன்மணி விரல்களால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டார். பத்தாவது கேள்விக்கும் மதிப்பெண் போட்டேன். இசைவாணிக்கு எட்டு.

அடுத்தது நான் யோசித்து வைத்த சோதனை. காலிக் குழாய்கள் ஆறு, மூன்று நிறத்தில். பொன்மணியிடம் ஒரு கட்டளை சொல்லி, ரோஷினியை வெளியே அனுப்பிவிட்டேன். இருபது தப்படி தள்ளி நின்ற இசைவாணிக்குப் பொன்மணி அதைச் சொல்ல வேண்டும். இசைவாணி பேச வேண்டாம், செய்தால் போதும். கட்டளை இதுதான்: சிவப்பை நிழலில் வை, பச்சையைத் தொடாதே, ஆனால் பச்சையில் எதற்காவது திரி இல்லையென்றால் அதை மட்டும் கவிழ்த்து வை, மஞ்சளை நான் கேட்டால் மட்டும் கொடு. இத்தனை "ஆனால்", இத்தனை "இல்லையென்றால்". வெறும் கையாட்டலில் இது போய்ச் சேராது என்று நான் நம்பியிருந்தேன்.

ஒரு நிமிடத்துக்குள் இசைவாணி செய்து முடித்தாள். மஞ்சளைக் கையில் வைத்துக்கொண்டு, நான் கேட்கிறேனா என்று என்னைப் பார்த்தபடி நின்றாள்.

அப்புறம் பொன்மணி என்னைச் சோதித்தாள். என் முன்னால் வந்து நின்று, நிதானமாக ஏதோ சொன்னாள். தண்ணீர் கேட்கிறாளோ என்று நினைத்து டம்ளரை நீட்டினேன். கேண்டீனே சிரித்தது. வெளியிலிருந்து வந்த ரோஷினி அவளிடம் மறுபடி கேட்டுச் சொன்னாள். "உங்க முந்தானையில காலையில இருந்து சாக்பீஸ் தூசி அப்பியிருக்காம் மேடம்."

பத்துக்குப் பூஜ்யம் எனக்கு.

19 ஜூன், வியாழன்

முதலாளி அசையவில்லை. "பரீட்சை எல்லாம் சரி டீச்சர். சைரன் அடிச்சா? வெடிச்சா? சத்தம் கேக்காதுல்ல? நாளைக்கு ஒண்ணுன்னா நான்தான பதில் சொல்லணும்?"

நியாயமான கேள்வி. என் குறிப்பில் நானே எழுதிய கேள்வி. மத்தியானம் கேட்டில் போன் வழியாகப் பொன்மணியிடம் கேட்டேன். அவள் திருப்பிக் கேட்டாள்.

"வெடிச்ச சத்தத்தக் கேட்டுட்டு ஓடித் தப்பிச்சவுக யாரு? எனக்கு ஒரு ஆளக் காட்டுங்க."

இந்தப் பக்கத்தில் யாரிடமும் இதைக் கேட்க முடியாது. எனக்கும் சில முகங்கள் நினைவுக்கு வந்தன. தப்பித்தவர்கள் எல்லாரும் அதற்கு முன்னால் எதையோ பார்த்தவர்கள் – ஒரு பொறி, ஒரு புகை, பக்கத்தில் இருந்தவள் எழுந்தது.

முதலாளியிடம் ஒத்திகை கேட்டேன். சம்மதித்தார். அதில் அவர்கள் தேறினால் இருக்கட்டும், இல்லையென்றால் என் பழைய குறிப்புதான். அடுத்த புதன்கிழமை. தொழிலாளிகளுக்குத் தெரியக் கூடாது.

23 ஜூன், திங்கள்

ஒத்திகையில் அவர்கள் தோற்றால் நான் எழுதியது சரி. ஜெயித்தால் தப்பு. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இது நல்ல விஞ்ஞானம் இல்லை.

25 ஜூன், புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

இருபத்துநான்கு அறைகள். கேட்டுக்கு மேற்கே பன்னிரண்டு, கிழக்கே பன்னிரண்டு. அறைக்கு நான்கு பேர். விதிப்படி ஓர் அறைக்கும் அடுத்ததற்கும் நல்ல இடைவெளி. ஒருத்தி இன்னொரு அறைக்குப் போகக் கூடாது. மேற்கே மூன்றாம் அறையில் இசைவாணி, ஏழாம் அறையில் பொன்மணி. நாகையா பத்து நாற்பதுக்குக் கைச்சைரனைச் சுற்ற வேண்டும். நான் மேற்கே, ராஜபாண்டியன் கிழக்கே, இருவர் கையிலும் கடிகாரம்.

பக்கத்து ஊர்க் கோயில் பொங்கலை நான் மறந்துவிட்டேன். பத்தரைக்குக் குழாய் ஸ்பீக்கர் அலற ஆரம்பித்தது. எங்கள் காம்பவுண்டை ஒட்டிய வேப்பமரத்தில் ஒன்று கட்டியிருக்கிறார்கள். நிறுத்தச் சொல்ல நேரமில்லை. நாகையா சைரனைச் சுற்றினார். எனக்கே கேட்கவில்லை! அவர் கை சுற்றுவதுதான் தெரிந்தது.

இசைவாணி கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளும் அந்தக் கையைப் பார்த்தாள். எழுந்து கூட இருந்த மூவரையும் தட்டிவிட்டு, வாசலில் நின்று ஏழாம் அறையைப் பார்த்து இரண்டு கையையும் வீசினாள். பொன்மணி அதை வாங்கி ஒன்பதுக்கு அனுப்பினாள். நான் வியந்தது இதற்குமேல்தான். ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் அறைவரை காது கேளாதவர் யாரும் இல்லை. அங்கேயும் கைகள்தான் போயின. மூன்று வருடமாக அவர்கள் அறைக்கு அறை பேசிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து அந்த வரிசை முழுக்கப் பாதி பாஷை கற்றிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. "கையாட்டிக்கிட்டு நேரத்தப் போக்குறாக" என்று ராஜபாண்டியன் எத்தனை தடவை புகார் சொல்லியிருக்கிறார். நானும் இரண்டு தடவை கண்டித்திருக்கிறேன்.

மேற்கு வரிசை காலியாக ஐம்பத்தைந்து விநாடி.

கிழக்கு வரிசையில் நாற்பத்தெட்டுப் பேரும் காது நன்றாகக் கேட்கிறவர்கள். சைரன் அடித்தது தெரியாமல் தரைச்சக்கரத்துக்குத் திரி சொருகிக்கொண்டிருந்தார்கள். ராஜபாண்டியன் அறை அறையாக ஓடிப்போய்க் கிளப்பினார். நான்கு நிமிடம்.

அவர் வந்து மண்தரையில் உட்கார்ந்துவிட்டார். "அம்புட்டுப் பேரும் செவுடா இருந்தோம் டீச்சரம்மா இன்னிக்கு."

26 ஜூன், வியாழன்

நேற்று நடந்ததை அற்புதம் என்று எழுதக் கூடாது. இசைவாணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்காது. அதனால் இன்று ஸ்பீக்கர் ஓய்ந்த நேரத்தில் மறுபடி செய்தேன், இருவரையும் கேட்டுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து. சைரன் எல்லோருக்கும் கேட்டது. பொன்மணிக்குப் பக்கத்தில் வேலை செய்கிற பாலம்மாள் அவள் தோளைத் தட்டிவிட்டுத்தான் எழுந்தாள். பொன்மணிக்கு மற்றவர்களைவிட மூன்று விநாடி தாமதம், இசைவாணிக்கும் அப்படியே. குழாய்க் கட்டைத் தாண்டத் தடுமாறிய பாலம்மாளுக்கு ஐந்து விநாடி.

அவர்களுக்குச் சிறப்புக் கண் ஒன்றும் இல்லை. வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் தெரியும், இல்லையென்றால் தெரியாது. நம்மைப் போலத்தான்.

மதியம் புதுக் குறிப்பு எழுதினேன். சைரனோடு கேட்டில் சிவப்புக் கொடியும் ஏற்ற வேண்டும். இருவருக்கும் வாசலைப் பார்த்த இடம். இரண்டு வரிசைக்கும் அவசரச் சைகைகள் கற்பிக்க வேண்டும், கற்பிப்பவர் பொன்மணி. இதெல்லாம் சுலபமாக வந்தது. "ஜூன் 9 தேதியிட்ட எனது குறிப்பு தவறானது" என்ற வரிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. "மறுபரிசீலனைக்குரியது" என்று எழுதி அடித்தேன். "முழுமையற்றது" என்று எழுதி அடித்தேன்.

திறன் இல்லை என்று எழுதினேனே. எனக்குத் தெரியாத பாஷை ஒன்று இருக்குன்னு தோணவே இல்லையே எனக்கு. படிச்சு என்னத்துக்கு?

28 ஜூன், சனி

முதலாளி குறிப்பை இரண்டு தடவை படித்தார். ஆடிட்டரோடு பேச வேண்டும், இன்ஷூரன்ஸ்காரரோடு பேச வேண்டும் என்றார். திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பொன்மணி கேட்டில் காத்திருந்தாள். எனக்கு எதுவும் தெரியாது என்று கையை விரித்தேன். அது அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

30 ஜூன், திங்கள்

ஜூலை மாதப் பதிவேடு தயார். இரண்டு பெயரும் இருக்கின்றன.

தண்ணீர்த் தொட்டி நிழலில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை. அப்புறம் ஏழாம் அறை வாசலுக்குப் போய், பதிவேட்டில் அவள் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். பார்த்தாள். இசைவாணி பெயரையும் காட்டச் சொன்னாள். காட்டினேன். பிறகு வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். நன்றி எதுவும் சொல்லவில்லை. அவள் எதற்குச் சொல்ல வேண்டும்?

12 ஜூலை, சனி

பொன்மணியின் முதல் வகுப்பு. தீ, புகை, வெளியே, நில், இந்தப் பக்கம், ஆள் உள்ளே இருக்கிறார் – இப்படிப் பன்னிரண்டு. வகுப்பிலேயே மக்கு நான்தான். என் விரல்கள் மடங்கவில்லை. என் முகம் அதைவிட மோசம். "முகம் செத்துக் கெடக்கு" என்று ரோஷினி வழியாகச் சொன்னாள். புருவத்தைத் தூக்காமல் நான் கேட்ட கேள்விகள் எதுவும் கேள்விகளே இல்லையாம்.

எனக்கு ஒரு பெயர் இருப்பது இன்றுதான் தெரிந்தது. அவர்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. என்னுடையது, ஒரு விரலால் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளி, உதட்டை இறுக்குவது. மூன்று வருடமாகப் புழக்கத்தில் இருக்கிறதாம். ராஜபாண்டியன் பெயர் டீ கிளாஸ். அவர் அதைத் தாங்கிக்கொண்டார்.

ஆனால் வகுப்பு முடிகிறபோது பழக்கதோஷத்தில், "ஊமச்சிக ரெண்டு பேரையும் திங்கக்கெழம லோடு ஏத்தையில..." என்று ஆரம்பித்தார். பொன்மணியின் கை நின்றது. அவர் பேசியது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"மத்த வார்த்தையெல்லாம் வாயப் பாத்தாத் தெரியாது. இந்த ஒரு வார்த்தை மட்டும் எந்த வாயில வந்தாலும் தெரியும்."

ராஜபாண்டியன் தரையைப் பார்த்தார். "பேரு சொல்லியே கூப்புடுதேன் தாயி" என்றார். ரோஷினி அதைச் சொன்னாள். வாயால் கூப்பிட வேண்டாம், கையால் கூப்பிடச் சொன்னாள் பொன்மணி. தன் பெயரைக் காட்டிக் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை தப்பாகச் செய்து, மூன்றாவதில் பிடித்தார்.

22 ஜூலை, செவ்வாய்

ஆய்வு முடிந்தது. வந்தவர் சிவப்புக் கொடியைப் பார்த்துவிட்டு, இது நல்ல யோசனை, யாருடையது என்று கேட்டார். பொன்மணியைக் கூப்பிட்டேன். அவர் அவளிடம் வாயை அகலத் திறந்து பேச ஆரம்பித்தார். ரோஷினியைப் போனில் கூப்பிட நான் கேட்டுக்கு ஆள் அனுப்பினேன்.

4 செப்டம்பர், வியாழன்

சீசன் உச்சத்தில் இருக்கிறது. வெளியூர் ஆர்டர் குவிகிறது, யாருக்கும் யார் மேலும் பொறுமை இல்லை. காலையில் பாலம்மாள் வந்து நின்றாள்.

"என்ன வேற ரூம்ல போடுங்க டீச்சரம்மா. அந்தப் பொன்மணி கூட உக்காந்து வேல பாக்க முடியல. ஓயாத பேச்சு. அவ நாத்துனா கத, அவ மகன் சைக்கிள் கேக்குற கத, மூணாம் ரூம்ல இசைவாணி என்ன கொழம்பு வச்சான்னு அம்புட்டையும் எனக்குச் சொல்லணும். பாக்காம இருக்கவும் முடியல. பாத்தா வேல ஓட மாட்டேங்குது."

புகார்ப் பதிவேட்டில் எழுதினேன்: பொன்மணி, ஏழாம் அறை, வேலை நேரத்தில் அளவுக்கு மீறிப் பேசுகிறார். மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே எச்சரிக்கைத் தாளை அவளுக்கும் கொடுத்தேன். சண்டைக்கு வந்தாள். ரோஷினி இல்லை. பாதி எனக்குப் புரிந்தது: கதை கேட்பது பாலம்மாள்தான், அவள் கேட்காவிட்டால் நான் ஏன் சொல்கிறேன், அவளுக்கும் தாள் கொடு. மீதி புரியாமல் இருந்ததே நல்லது என்று அவள் முகம் சொன்னது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு விறுவிறுவென்று போனாள்.

பாலம்மாளை எட்டாம் அறைக்கு மாற்றினேன்.

மூன்று மணிக்குச் சுற்றிவரும்போது பார்த்தேன். பாலம்மாள் எட்டாம் அறை வாசல் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, ஏழாம் அறையைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கி, நாத்தனார் வீட்டில் அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சுத்தமான சைகை, என்னால் இன்னும் அப்படி வராது.

நாளை அவளுக்கும் ஒரு தாள் எழுத வேண்டும்.